குறும்பதிவை எங்கே வைப்பது? நீளமாக எழுதும் குழுவுக்கு நான்கு வழிகள்

எங்கள் சைக்கிள் பழுதுபார்ப்புக் குழுவில் ஒருநாள் காலை ஒருவர் இரண்டு வரி போட்டார். "புது செயின் போட்டும் பல் தாண்டுதா? பின்னால இருக்கற பல்சக்கரத்தையும் சேர்த்து மாத்துங்க. செயின் மட்டும் மாத்தறது தண்டச் செலவு." மதியத்துக்குள் லைக் குவிந்துவிட்டது. "அனுபவ உண்மை", "எனக்கும் இதே கதைதான் அண்ணே" என்று பதில்கள் வரிசை கட்டின.

அதே நாள் இன்னொருவர் இதே விஷயத்தை நீளமாக, படங்களோடு எழுதியிருந்தார். செயினில் ஒரு ரிவிட்டிலிருந்து அடுத்த ரிவிட்டுக்கு அரை அங்குலம். அப்படியானால் 24 ரிவிட் தள்ளிப் போனால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு ரிவிட்டின் நடுவில் வைத்துச் செயினை இழுத்துப் பிடித்தால், 24ஆவது ரிவிட் 12-ஐத் தாண்டி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று தெரிந்துவிடும். 1/16 அங்குலத்துக்குள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். 1/16-ஐத் தொட்டுவிட்டால் செயினை மட்டும் மாற்றலாம், பல்சக்கரம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். 1/8 வரை ஓட்டித் தீர்த்துவிட்டீர்கள் என்றால்தான் பல்லும் தேய்ந்திருக்கும், அப்போது இரண்டையும் மாற்றியாக வேண்டும். இந்தப் பதிவுக்கு வந்தவை மூன்று பதில்கள். அதில் ஒன்று: "சுருக்கமா சொல்ல முடியுமா?"

முதல் ஆள் பொய் சொல்லவில்லை. அவருடைய செயின் 1/8-ஐத் தாண்டியிருக்கும், அவருக்கு நடந்ததைச் சொன்னார். அவர் இரண்டு வரியில் விட்டுப்போனது "எப்போது" என்ற ஒரே ஒரு விஷயம். 1/16-இல் நிற்கும் செயினோடு வருகிற அடுத்த ஆள், அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத் தேவையில்லாமல் ஒரு பல்சக்கரம் வாங்குவார்.

இப்படி நாலைந்து முறை நடந்த பிறகு எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. சின்னச் சின்னதாகப் போட ஓர் இடம் வேண்டும் என்று ஒரு சாரார். அதைத் திறந்துவிட்டால் அப்புறம் ஒருவரும் உட்கார்ந்து எழுத மாட்டார்கள் என்று பழைய ஆட்கள். குழுவை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்களில் ஒருவனாக இரண்டு பக்கமும் தலையாட்டி அலுத்துப்போய், இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். என் கை நான்காவது வழிப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இரண்டாவது ஏன் கெடுக்கிறது என்று புரியாமல் நான்காவதைச் செய்தால் அதுவும் கெட்டுப்போகும். அதனால் இரண்டாவதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு தப்பெண்ணத்தைக் கழித்துவிடலாம். "எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததால்தான் எல்லாரும் சுருக்கி எழுதப் பழகிவிட்டார்கள், வரம்பை எடுத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ட்விட்டரின் 140 எழுத்து, குறுஞ்செய்தியின் 160-இலிருந்து வந்தது. பயனர் பெயருக்கு 20 ஒதுக்கிவிட்டு மீதியைக் கொடுத்தார்கள். (தமிழில் குறுஞ்செய்தி அடித்தவர்களுக்கு அந்த 160-உம் கிடைத்ததில்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறிய உடனே ஒரு செய்திக்கு 70 தான், அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு.) 2017 நவம்பரில் அந்த 140-ஐ 280 ஆக்கினார்கள். ஒரு வருடம் கழித்து அந்த நிறுவனமே சொன்ன கணக்கு: 140-ஐத் தாண்டியவை 12 சதவீதம், 280 வரை முட்டியவை 1 சதவீதம். ஃபேஸ்புக்கில் 2011-இலிருந்தே ஒரு பதிவில் 63,206 எழுத்துகள் வரை எழுதலாம். யார் எழுதுகிறார்கள்? ஓர் இடத்தில் மற்றவர்கள் எந்த வேகத்தில் பேசுகிறார்களோ அதே வேகத்தில்தான் புதிதாக வருகிறவரும் பேசுவார். வரம்பை எடுத்துவிடுவதால் மட்டும் அந்த வேகம் குறைந்துவிடாது.

சுருக்கம் கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. நன்னூல் அடுக்கும் பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல், இரண்டாவது மிகைபடக் கூறல். செயின் பதிவில் நடந்தது குன்றக் கூறல். அந்த ஸ்கேல் பதிவைப் பாதியாகச் சுருக்கியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது, அந்த இரண்டு அளவுகளும் உள்ளே இருந்தால் போதும். நீளமாக எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆழமாக எழுதுகிறவர்கள் அல்ல, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் வழி: குறும்பதிவே கூடாது

குறைந்தபட்ச நீளம் வைப்பது, அல்லது ஆதாரமும் விளக்கமும் இல்லாத பதிவை எடுத்துவிடுவது. இதை மிகக் கறாராகச் செய்கிற இடம் ரெடிட் என்ற விவாதத் தளத்தில் உள்ள ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ் குழு. 2011-இல் தொடங்கியது. வரலாற்றுக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதினால் அழித்துவிடுவார்கள். லட்சக்கணக்கானவர்கள் பின்தொடரும் இடத்தில் ஒரு கேள்வியைத் திறந்தால் வரிசையாக அழிக்கப்பட்ட பதில்களின் தடம் மட்டும் கிடப்பதைப் பார்க்கலாம். ஆனால் நிற்கிற பதில், நிற்கத் தகுந்ததாக இருக்கும்.

பலன் தெரிகிறது. விலை? முதலாவது, ஆள் வேண்டும். இரவு பகலாக அழிக்க, அழித்ததற்கு விளக்கம் சொல்ல, திட்டு வாங்க. எங்களைப் போல நான்கு பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது. இரண்டாவது விலை கண்ணுக்குத் தெரியாதது. வராமலே போன எழுத்து. 2000 மார்ச்சில் நுபீடியா என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். முதல் வருடத்தில் தேறியவை 21 கட்டுரைகள். அதற்குத் தீனி போடும் துணைத் திட்டமாக 2001 ஜனவரியில் யாரும் எழுதலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்தார்கள். அதன் முதல் வருடத்தில் ஏறக்குறைய 18,000 கட்டுரைகள். அவற்றில் பல இரண்டு மூன்று வரிக் குறுங்கட்டுரைகள். 2003-இல் நுபீடியாவை மூடிவிட்டார்கள். அந்தக் குறுங்கட்டுரைகள்தான் பின்னால் வந்தவர்கள் கை பட்டு நீண்ட கட்டுரைகளாக வளர்ந்தன.

தடை போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். நீண்ட எழுத்தைக் காப்பாற்ற வைத்த வேலி, நீண்ட எழுத்து முளைக்கிற இடத்தையே மூடிவிடக்கூடும்.

இரண்டாவது வழி: எல்லாம் ஒரே ஓட்டத்தில்

எதுவும் செய்யாமல் விட்டால் வந்து சேரும் இடம் இதுதான். குட்டிப் பதிவும் பெரிய பதிவும் ஒரே பட்டியலில், ஒரே ஓட்டுக்குப் போட்டி. சுதந்திரமானது, செலவில்லாதது, ஜனநாயகமானது போலத் தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். ரெடிட் தன் நிரலைத் திறந்த மூலமாக வைத்திருந்த காலத்தில் சூடான பதிவுகளை வரிசைப்படுத்தும் சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்தது. அதில் 45,000 விநாடி, அதாவது பன்னிரண்டரை மணி நேரம், பத்து மடங்கு ஓட்டுக்குச் சமம். காலையில் போட்ட பதிவு 100 ஓட்டு வாங்கியிருக்கிறது, பன்னிரண்டரை மணி நேரம் கழித்துப் போட்டது 10 தான் வாங்கியிருக்கிறது என்றால் இரண்டும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முதல் 10 ஓட்டு எவ்வளவு உயரம் தூக்குகிறதோ, அடுத்த 90 ஓட்டும் சேர்ந்து அதே உயரம்தான் தூக்கும். ஆகவே முக்கியம் முதல் பத்து, அதுவும் சீக்கிரம்.

இப்போது செயின் பதிவுக்கு வாருங்கள். இரண்டு வரியைப் படிக்கப் பத்து விநாடி, பிடித்திருந்தால் அங்கேயே ஒரு தட்டு. ஸ்கேல் பதிவைப் பார்த்தவர் என்ன செய்வார்? நல்ல பதிவு போலிருக்கிறது, ராத்திரி நிதானமாகப் படிக்கலாம் என்று சேமித்து வைப்பார். ராத்திரி படித்து, மனசுக்குள் பாராட்டி, ஓட்டும் போடுவார். அதற்குள் பதிவு மூன்றாம் பக்கத்துக்குப் போயிருக்கும். மெச்சினவர்கள் இருந்தும் அது தோற்றது, மெச்சினவர்கள் தாமதமாக வந்ததால். யாரும் நீண்ட எழுத்துக்கு எதிராக ஓட்டுப் போடவில்லை. சூத்திரத்துக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆறு மாதம் இது நடந்தால் ஸ்கேல் பதிவு எழுதுகிறவர் நிறுத்திவிடுவார், அவ்வளவுதான்.

பதில்களின் எண்ணிக்கையும் இப்படியே ஏமாற்றும். ஒரு குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டு சைக்கிள் கொட்டகைக்கு எந்தக் கூரை போடுவது என்று முக்கால் மணி நேரம் விவாதித்த கதையை 1957-இல் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதினார். கொட்டகை எல்லாருக்கும் புரியும், அதனால் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். (சைக்கிள் குழுவில் உட்கார்ந்துகொண்டு இந்த உதாரணத்தைச் சொல்வது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.) ஸ்கேல் பதிவுக்கு மூன்றே பதில் வந்ததற்குக் காரணம் அது மோசம் என்பதல்ல. படித்தவருக்குச் சேர்க்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஆனால் எழுதியவருக்கு அது தெரியாது. அவருக்குக் கேட்பது மௌனம்தான்.

இன்னொரு பாதிப்பு எழுதுகிறவருக்குள்ளேயே நடக்கிறது. எனக்கே நடந்திருக்கிறது. பிரேக் கம்பி உள்ளே துருப்பிடிப்பதைப் பற்றி ஒரு நீண்ட பதிவு மனதில் உருண்டுகொண்டிருந்தது. அவசரத்தில் அதன் சாரத்தை மூன்று வரியில் போட்டேன். நல்ல வரவேற்பு. அப்புறம் அந்த நீண்ட பதிவை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கிடைக்க வேண்டியதும் கிடைத்தாயிற்று என்று மனம் கணக்கை மூடிவிட்டது. எந்தக் கம்பிக்கு எண்ணெய் விடலாம், எதற்கு விடக்கூடாது என்ற பகுதி இன்றுவரை எழுதப்படவில்லை.

இதற்கு இழையாகப் போட்டால் என்ன என்று கேட்பார்கள், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பத்துத் துண்டு. சில விஷயத்துக்கு நன்றாகவே வரும், கதை சொல்ல குறிப்பாக. ஆனால் ஒவ்வொரு துண்டும் தனியாகப் பகிரப்படும் என்பது எழுதும்போதே மண்டையில் இருக்கும். அதனால் ஒவ்வொன்றும் முழக்கமாக முடியும். "ஆனால் இது 1/8-ஐத் தாண்டினால் மட்டும்" என்ற துண்டை யாரும் பகிர மாட்டார்கள்.

மூன்றாவது வழி: அரட்டைக்கு வேறு செயலி

"பேச்செல்லாம் வாட்ஸ்ஆப்பில், எழுத்து மட்டும் இங்கே." கேட்க ஒழுங்காக இருக்கும். எனக்கு இதுதான் நான்கிலும் மோசமானது.

எங்கே ஆள் இருக்கிறதோ அங்கேதான் கேள்வி வரும், கேள்வி வருகிற இடத்தில்தான் பதில் வரும். மூன்று மாதத்தில் நல்ல விளக்கங்களும் அங்கேயே போய்விடும். டிஸ்கார்டில் சாதாரணக் கணக்குக்கு ஒரு செய்தி 2,000 எழுத்து, டெலிகிராமில் 4,096. வெட்டி வெட்டிப் போடுவார்கள், நடுவில் நான்கு பேர் காலை வணக்கம் சொல்வார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது, சேர்ந்தவருக்கும் தான் வருவதற்கு முன் நடந்த உரையாடல் பொதுவாகத் தெரியாது. தேடுபொறி அங்கே எட்டிப் பார்க்காது. அடுத்த வருடம் செயின் பல் தாண்டுகிறது என்று தேடி வருகிறவருக்கு அந்த விளக்கம் எழுதப்படவே இல்லை என்றுதான் அர்த்தம். மற்ற வழிகளில் நீண்ட எழுத்து மெலிகிறது, இதில் பொதுவெளியிலிருந்தே காணாமல் போகிறது.

நான்காவது வழி: அதே கூரை, தனி அறை

குறும்பதிவுக்கு அதே இடத்துக்குள் தனிப் பகுதி. இதைச் செய்தவர்கள் உண்டு, விவரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் வந்தபோது பதிலையும் குறுங்கருத்தையும் இரண்டு வேறு சாதியாகவே வைத்தது. குறுங்கருத்துக்கு 15 எழுத்திலிருந்து 600 வரை. பதிலுக்கு ஓட்டு விழுந்தால் எழுதியவரின் மதிப்பெண் ஏறும், குறுங்கருத்துக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் ஏறாது. குறுங்கருத்து தற்காலிகமானது, வேலை முடிந்தால் அழித்துவிடலாம் என்பதும் அங்கே விதி. சின்னதாகப் பேசலாம், தடையில்லை, ஆனால் அதை வைத்துப் பெயர் சேர்க்க முடியாது. ஒரே பரிசுக்கு இரண்டையும் ஓடவிடாததுதான் இங்கே சூட்சுமம்.

முதல் வழியில் சொன்ன ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ்கூடத் தடையோடு நிற்கவில்லை. எளிய கேள்விகளுக்குச் சுருக்கமான பதில் என்று வாராவாரம் ஒரு பதிவு திறக்கிறார்கள். உள்ளே இரண்டு வரி போதும், ஆனால் ஆதாரம் சொல்ல வேண்டும். சின்னக் குழுவுக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. நிரல் எழுத வேண்டாம், புதுப் பகுதி அமைக்க வேண்டாம், திங்கட்கிழமை ஒரு பதிவைத் திறந்து மேலே குத்திவைத்தால் முடிந்தது.

ஆனால் அறை கட்டினால் மட்டும் போதாது, அங்கிருந்து கூடத்துக்கு ஒரு கதவு வேண்டும். நிக்லாஸ் லூமான் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் சுமார் 90,000 துண்டுச் சீட்டுகள் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு குறும்பதிவு அளவுதான். அவருடைய தடிமனான புத்தகங்கள் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் வந்தன. ஒவ்வொரு சீட்டுக்கும் எண் உண்டு. ஒரு சீட்டைத் தொடர நினைத்தால் கிளை எண் போட்டு அதன் பின்னாலேயே இன்னொன்றைச் செருகலாம், எத்தனை தலைமுறைக்கும் வளரலாம். நம் குழுக்களில் அந்தச் செருகும் இடம்தான் இல்லை. இரண்டு வரி போட்டவர் பிறகு அதை விரித்து எழுதினால் அது வேறெங்கோ புதிய பதிவாகப் போய்விழும். பழைய இரண்டு வரி தன் லைக்குகளோடு தனியே சுற்றிக்கொண்டிருக்கும். நூற்பாவுக்கு அடியிலேயே உரை வருவது நமக்குப் பழகிய ஏற்பாடு. அதையே செய்யச் சொல்கிறேன்: விரித்து எழுதியதும் குறும்பதிவின் முதல் வரியில் அதற்கு இணைப்பு, நீண்ட பதிவின் அடியில் பழைய பதில்கள்.

அந்தக் கதவைத் திறக்க ஒரு ஆளும் வேண்டும். "அண்ணே, எந்த அளவு தேய்ந்த செயின்ல இது நடந்தது, விரிச்சு எழுதுங்களேன்" என்று கேட்கிற ஆள். நூறு குறும்பதிவில் தொண்ணூறு விரிவதற்கு எதுவும் இல்லாதவை, அவற்றை அப்படியே விட்டுவிடலாம். மீதியைக் கண்டுபிடித்துக் கேட்பது மட்டுறுத்துநர் வேலை. அழிப்பதைவிட இது சந்தோஷமான வேலையும்கூட.

இந்த வழியின் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். அறை மெல்லக் கூடமாகிவிடும். உள்ளே நுழைந்த உடனே கண்ணில் படுவது குறும்பதிவுப் பகுதி என்று வைத்துவிட்டால், பெயருக்குத்தான் நான்காவது வழி, நடப்பது இரண்டாவது. முகப்பில் நீண்ட பதிவு, அதையும் ஓட்டு வேகத்தால் அடுக்காமல் ஒரு வாரமாவது நிற்கவிடுவது. குறும்பதிவுக்கு நோட்டிபிகேஷன் அனுப்பாமல் இருப்பது. இவ்வளவு செய்தும் பழைய எழுத்தாளர்கள் சிலர் அந்த அறையிலேயே தங்கிவிடுவார்கள். அங்கே தப்பாகச் சொன்னாலும் பெரிதாக யாரும் பிடிக்க மாட்டார்கள் என்ற நிம்மதி. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதுவரை வாயே திறக்காத சிலர் அதே நிம்மதியால்தான் முதல் வரியை எழுதினார்கள்.

எந்தக் குழுவுக்கு எது

குழு இன்னும் சின்னது, ஒருவரை ஒருவர் தெரியும், நாளுக்கு ஐந்தாறு பதிவுதான் என்றால் இரண்டாவது வழியே போதும். எல்லாவற்றையும் எல்லாரும் படித்துவிடுவார்கள், வரிசைக்கே வேலையில்லை. புதிதாகத் தொடங்கும் இடத்துக்கும் அதுதான். காலிக் கூடத்தில் நீளமாகப் பேசச் சொன்னால் யாருக்கும் வராது.

கேள்வி பதில் தேங்கி, பத்து வருடம் கழித்தும் தேடி வருவார்கள் என்ற நிலையில் இருக்கும் இடத்துக்கு, தப்பான பதிலால் ஒருவருக்கு உடம்புக்கோ காசுக்கோ கேடு வரக்கூடிய இடத்துக்கு, முதல் வழி. ஆள்பலம் இருந்தால்.

நடுவில் இருக்கிற எல்லாருக்கும் நான்காவது. இதில் ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுபவர்கள், பெரும்பாலானதை எழுதுவது ஒரே ஒருவர் என்று 2006-இல் யாக்கப் நீல்சன் என்ற இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஒரு விதி சொன்னார். தோராயமானதுதான். ஆனால் ஆயிரம் பேர் உள்ள குழுவில் நீளமாக எழுதுபவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால், மூன்று பேர் சோர்ந்து போனாலே குழுவின் முகம் மாறிவிடும். அந்தப் பத்துப் பேரையும் தனித்தனியாகக் கேட்கலாம், கருத்துக்கணிப்பெல்லாம் வேண்டாம். எந்த ஏற்பாடு செய்தாலும் மூன்று மாதம் கழித்து லைக்கையும் மொத்தப் பதிவையும் எண்ணாமல் இரண்டே விஷயத்தைப் பாருங்கள்: அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் இன்னும் எழுதுகிறார்கள், குறும்பதிவாகத் தொடங்கி நீண்டவை எத்தனை.

நாங்கள் திங்கட்கிழமைப் பதிவைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றாம் வாரம் அந்தச் செயின்காரர் அதில் ஒரு வரி போட்டார். "ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன், பழைய செயின் 1/8-க்கும் மேல போயிருக்கு." படத்தில் செயின் கரியும் பிசுக்குமாக, ஸ்கேலில் 12-க்கு அந்தப் பக்கம் ரிவிட். விரித்து எழுதச் சொல்லிக் கேட்டேன். பாதி எழுதி அனுப்பியிருக்கிறார். நடுப் பல்சக்கரம் மட்டும் ஏன் மற்றதைவிடச் சீக்கிரம் தேய்ந்தது என்ற இடத்தில் நிற்கிறதாம், ஸ்கேல் பதிவு எழுதியவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.